தொப்புள் இருந்த இடம்

செந்துறை பஸ்ஸில் ஒரு பெண் எனக்காக எழுந்து இடம் கொடுத்தாள். "உக்காருங்கக்கா. எத்தனாவது மாசம்?" என்றாள். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன். ஆனால் அவள் முகத்தில் கேலி இல்லை, நிஜமான பரிவுதான் இருந்தது. எனக்கும் நிற்க முடியவில்லை. "ஏழு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

பக்கத்து சீட்டு அம்மா விடவில்லை. "ஏழாம் மாசத்துல இந்த ரோட்டுல வரலாமா? சிமெண்டு லாரி ஓடி ஓடி குண்டும் குழியுமா கெடக்கு. வூட்டுல பெரியவங்க யாரும் இல்லியா?" என்று இறங்கும் வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். நானும் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

வயிற்றில் இருந்தது பிள்ளை இல்லை. தோல்.

அதற்கு முன் நான் நூறு கிலோவைத் தாண்டிய ஆள். செந்துறைப் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் டீச்சர். வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மேசையைப் பிடிக்க வேண்டும். முட்டி தேய்ந்துவிட்டது, சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, இப்படியே போனால் கஷ்டம் என்று டாக்டர் ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். ரோஷம் வந்துவிட்டது. எனக்கு நல்லது எதுவும் புத்தியால் வந்ததில்லை, எல்லாம் ரோஷத்தால் வந்ததுதான். சோற்றைக் குறைத்தேன், பலகாரத்தை விட்டேன், அரியலூரில் எங்கள் தெருவிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் தினமும் விடியலில் நடந்தேன். மூன்று வருஷத்துக்குள் பாதி ஆளாகிவிட்டேன்.

பாராட்டுவார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஊரிலா? "என்னம்மா இப்படி எளைச்சுட்ட, சுகரா?" என்பார்கள். சுகர் இல்லை என்றால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மனசுல ஏதாச்சும் கொறையா?" என்பார்கள். என் வீட்டுக்காரர் மேல் ஊருக்கே சந்தேகம் வந்தது. பாவம், அந்த மனுஷன் எனக்காகத் தானும் ராகிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் அறையில் ஒரு சார், "யானை படுத்தாலும் குதிரை மட்டம்னு சொல்வாங்க. நீங்க என்ன டீச்சர், ஆட்டு மட்டத்துக்கு வந்துட்டீங்க" என்றார். "ஆட்டுக்குத்தான் சார் கொம்பு இருக்கு" என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் பழமொழி சொல்வதில்லை.

ஆனால் உள்ளே நடந்ததை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சதை போய்விட்டது, தோல் போகவில்லை. வயிற்றிலிருந்து அது மடிந்து தொடை வரைக்கும் தொங்கியது. போர்டில் எழுதக் கையைத் தூக்கினால் மேல்கையில் தோல் ஆடும். பிள்ளைகள் அதற்கு 'றெக்கை' என்று பெயர் வைத்திருந்தது எனக்குத் தெரியும். அது போகட்டும், சிரித்துவிடலாம். வயிற்று விஷயம் அப்படியில்லை. பாவாடை நாடாவுக்கு மேலே விட்டால் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். அதனால்தான் பஸ்ஸில் அந்தக் கேள்வி. நாடாவுக்குள் சுருட்டி வைத்தால் மடிப்புக்குள் வேர்த்து, சிவந்து, புண்ணாகும். வீட்டுக்காரரின் பழைய வேட்டியைக் கிழித்து மடித்து இடுக்கில் வைத்துக்கொள்வேன். மத்தியானத்துக்குள் அது நனைந்துவிடும். பவுடர் போட்டால் குழைந்து கட்டியாகும். சித்திரை வெயிலில் சீழ் வைத்தது. என் மேலிருந்து ஒரு வாடை வந்தது. நோட்டைத் திருத்தப் பிள்ளைகள் பக்கத்தில் வந்து நிற்கும்போது நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வேன். அவ்வளவு பாடுபட்டு இளைத்த உடம்பை எனக்கே பிடிக்கவில்லை. குண்டாக இருந்தபோதுகூட எனக்கு என்மேல் அருவருப்பு வந்ததில்லை, இப்போது வந்தது.

ஜாக்கெட் பிடிக்கக் கொடுக்கும் தையல்கார அக்கா ஒரு நாள் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "துணின்னா நான் புடிச்சுத் தந்துருவேன். இதை யாரு டீச்சர் புடிப்பாங்க?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். பிடித்துத் தைப்பதற்கும் டாக்டர் இருக்கிறார் என்று அதே மாதம் எனக்குத் தெரிந்தது.

புண்ணால் காய்ச்சல் வந்து பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். அங்கே வாரத்தில் ஒரு நாள் வரும் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் சினிமாக்காரர்கள் மூக்கைத் திருத்திக்கொள்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் தொங்கும் தோலைத் தூக்கி, புண்ணைப் பார்த்து, "இது அழகுக்கு இல்ல டீச்சர். இது இருக்கிற வரைக்கும் புண்ணு திரும்பத் திரும்ப வரும். எடுத்துரலாம்" என்றார். இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை கீறி, தொங்குவதை வெட்டி எடுத்து, மேல்தோலை இழுத்துத் தைப்பார்களாம். கைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வயிறுதான் முதலில் என்றார்.

பிறகு தொப்புளை அழுத்திப் பார்த்தார். இருமச் சொன்னார். நான் இரும, அங்கே ஒரு புடைப்பு எழும்பி அடங்கியது. "குடலிறக்கம். தொப்புளுக்கு நேர் பின்னாடி ஓட்டை இருக்கு. அதையும் சேர்த்து அடைச்சுருவோம். ஆனா தொப்புளைக் காப்பாத்த முடியுமான்னு இப்பச் சொல்ல முடியாது. எடுக்க வேண்டி வரலாம். வேணும்னா பின்னால புதுசா ஒண்ணு செஞ்சு வைக்கலாம்" என்றார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்த தொப்புளால் எனக்கு என்ன பிரயோஜனம்? அன்று சாயங்காலமே அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "உன் பொண்ணுக்குத் தொப்புளே இருக்காதாம்மா!" என்று சிரித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்றேன். போன் வைத்துவிட்டிருந்தாள்.

அம்மா மீன்சுருட்டிப் பக்கத்தில் தனியாக இருக்கிறாள். அப்பா போய்ப் பல வருஷம் ஆயிற்று. கொஞ்சம் முந்திரித்தோப்பு, ஒரு மாடு, அவள். எத்தனை கூப்பிட்டாலும் என் வீட்டில் வந்து இருக்க மாட்டாள். நான் அவளுக்கு ஒரே பிள்ளை. எனக்கு முன்னால் மூன்று பிறந்து மூன்றும் மாதக்கணக்கு தாண்டவில்லை. நான்காவதாகத் தங்கியவள் நான். என் தொப்புள்கொடி காய்ந்து விழுந்தபோது அதை வெள்ளித் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டியிருந்தாளாம். எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஆனால் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு வயதில் அவிழ்ப்பார்கள், எனக்குப் பள்ளிக்கூடம் சேர்க்கும் வரை அவிழ்க்கவில்லை.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அம்மா வாசலில் நின்றாள். ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி வந்திருக்கிறாள். கையில் பை இல்லை. முருங்கைக்கீரையோ முந்திரிக்கொட்டையோ இல்லாமல் அம்மா வெறுங்கையோடு மகள் வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

"யாரைக் கேட்டுடி எடுக்கச் சொன்ன?"

"எதை?"

"எதையாம், எதை! தொப்புளை."

"என் வயிறும்மா. நான் யாரைக் கேக்கணும்?"

"ஒன் வயிறா? ஒனக்கும் எனக்கும் நடுவுல இருந்த கொடிடி அது. அறுத்தாலும் முடிச்சு இருக்குல்ல. அதையும் எடுத்துப்புட்டா நான் யாரு ஒனக்கு?"

வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்தார். "அத்தை, மொதல்ல உக்காருங்க. காபி குடிச்சுட்டுப் பேசலாம்."

"காபி கெடக்கட்டும் மாப்ள. நீங்களே சொல்லுங்க. தொப்புள் இல்லாதவ எவ வயித்துலயும் பொறக்காதவ. நாளைக்கு நான் செத்தா எந்த மொறைய சொல்லி அழுவா இவ?"

"புதுசா ஒண்ணு செஞ்சு வைக்கலாம்னு டாக்டர் சொன்னாங்கம்மா" என்றேன்.

"கவரிங் தொப்புளா?"

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சமையலறைக்குப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சேலையை அவிழ்த்து, அந்தத் தோலைத் தூக்கிக் காட்டினேன். அதுவரை அவளுக்குக் காட்டியதில்லை. புண் காய்ந்தும் காயாமலும் இருந்தது. அம்மா கிட்ட வந்து குனிந்தாள். வாடை அடித்திருக்கும், மூக்கைச் சுளிக்கவில்லை.

"வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் போட்டா ஆறாதா?"

"போடாமலா இருந்தேன்? நாத்தம் அடிக்குதும்மா. பசங்க கிட்ட வந்து நின்னா கூச்சமா இருக்கு. எனக்கு என்னையே புடிக்கல." கத்திவிட்டேன். கத்தியதில் அழுகையும் வந்துவிட்டது.

அம்மா சேலையை எடுத்து என் தோளில் போட்டாள். "தோலை எடுக்கச் சொல்லு. வேணாங்கல. தொப்புளை மட்டும் வுட்டுரச் சொல்லு."

"சொல்றேன். அவங்க கையில இல்லைங்கிறாங்க."

"அப்ப நான் வரல. நீ பாத்துக்க."

"வராட்டி போ" என்றேன். காபி ஆறிப்போய் இருந்தது. அவள் தொடவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னதற்கும் வேண்டாம் என்று நடந்தே போனாள். பெற்றவள் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்தேன். ஆனால் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் அவள் மகள்தானே.

டாக்டரிடம் சொன்னேன். "தொப்புள் அவ்வளவு முக்கியமா டீச்சர்?" என்றார். "எனக்கு இல்ல டாக்டர், எங்கம்மாவுக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "முயற்சி பண்றேன். உள்ள பாத்தாதான் தெரியும். அதுக்கு ரத்த ஓட்டம் இல்லாமப் போயி அழுகிட்டா இன்னொரு தடவை திறக்கணும். அந்த நிலைமை வந்தா எடுத்துருவேன், சம்மதமா?" என்றார். சம்மதம் என்றேன்.

ஆபரேஷன் அன்று காலையில் என்னை நிற்க வைத்துப் பேனாவால் வயிற்றில் கோடு போட்டார்கள். எங்கே வெட்டுவது, எங்கே சேர்ப்பது என்று அம்புக்குறியெல்லாம் இருந்தது. தொப்புளைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் டாக்டர் ஒரு கேள்விக்குறி போட்டார். வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகிற வரைக்கும் அம்மா வரவில்லை.

மயக்கம் தெளிந்து நான் கண்ணைத் திறந்தபோது வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார். "நல்லபடியா முடிஞ்சுது" என்றார். நான் அவரையே பார்த்தேன். "தொப்புளைக் காப்பாத்த முடியலையாம்" என்றார். பிறகு, "அத்தை வந்திருந்தாங்க" என்றார்.

என்னை உள்ளே கொண்டுபோன பிறகு அம்மா வந்திருக்கிறாள். நாற்காலி வேண்டாம் என்று ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாளாம். டாக்டர் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னதும், ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. எழுந்து முந்தானையை விரித்திருக்கிறாள்.

"அப்ப அதை எங்கிட்ட குடுத்துருங்க டாக்டரம்மா."

"எதைம்மா?"

"எடுத்ததை. நான் கொண்டுபோயி பொதைச்சுக்கிறேன்."

பக்கத்தில் நின்ற நர்ஸ், "அப்படியெல்லாம் குடுக்கக் கூடாதும்மா" என்று சொல்லியிருக்கிறார். "ஏன் கூடாது? சக்கரைல காலை எடுத்தா காலைக் குடுக்குறீங்க. புள்ள பொறந்தா கொடியக் குடுக்குறீங்க. இது எம் புள்ளையோடது, குடுத்தா என்ன?" என்று அம்மா கேட்டிருக்கிறாள். டாக்டர் பொறுமையாகவே சொன்னாராம்: கொஞ்சம் டெஸ்ட்டுக்குப் போய்விட்டது, மற்றது ஆஸ்பத்திரி விதிப்படி மற்றக் கழிவோடு எரிக்கப் போகும்.

"எரிச்சுருவீங்களா?" என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாளாம்.

எங்கள் பக்கம் பச்சைக் குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான். அம்மா மூன்றைப் புதைத்தவள். அது டாக்டருக்குத் தெரிய நியாயமில்லை. என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அம்மா "சரி" என்று சொல்லிவிட்டு முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாளாம். என்னைப் பார்க்கவில்லை.

"கண்ணு முழிக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போனா கொறைஞ்சா போயிருவாங்க?" என்று வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன். எரிந்து விழுந்ததில் தையல் இழுத்தது. அழுவதற்கும் பயமாக இருந்தது.

அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில்தான் இருந்தேன். முதலில் இரண்டு பக்கமும் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது, ரத்தநீர் வடிய. வயிற்றில் பெல்ட். கொஞ்ச நாள் கூனிக்கொண்டுதான் நடந்தேன், நிமிர்ந்தால் பிய்ந்துவிடும்போல் இருக்கும். சமையல் வீட்டுக்காரர். அவர் ரசம் எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தது, நான் குறை சொல்லவில்லை. எனக்கு அது பெரிய சாதனை.

முதல் தடவை பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் குளித்த அன்று, தண்ணீர் மார்பிலிருந்து நேராகக் காலுக்கு ஓடியது. நடுவில் தேங்கவில்லை. குனியாமல் என் கால்விரலைப் பார்த்தேன். துவட்டிக்கொள்ளத் தூக்கிப் பிடிக்க எதுவும் இல்லை. இடுப்பைச் சுற்றி ஒரு நீளத் தழும்பு, மேலே மொழுமொழுவென்று வயிறு. கண்ணாடியில் பார்க்க விநோதமாக இருந்தது உண்மைதான். எதையோ மறந்துவிட்டு வெளியே கிளம்பிவிட்ட மாதிரி தோன்றும். ஆனால் புண் இல்லை, வாடை இல்லை. ஸ்கூலுக்குத் திரும்பிய அன்று பஸ்ஸில் யாரும் எனக்கு இடம் கொடுக்கவில்லை. செந்துறை வரைக்கும் நின்றுகொண்டே போனேன், அவ்வளவு சந்தோஷமாக. நோட்டைத் திருத்தப் பிள்ளைகள் வந்து முழங்கையில் இடித்துக்கொண்டு நின்றார்கள். நான் நாற்காலியைத் தள்ளவில்லை. றெக்கை மட்டும் அப்படியே இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்மா மட்டும் வரவில்லை. போன் போட்டால் எடுப்பாள். "சாப்டியா?" என்பாள். "மாடு கன்னு போட்டுருக்கு" என்பாள். "மழை இல்ல" என்பாள். வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். நானும் சொல்ல மாட்டேன். இந்தப் பேச்சுக்கு அவள் எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று சில நாள் தோன்றும். யாரோ தூரத்துச் சொந்தத்தோடு பேசுவது போல இருந்தது. தொப்புள் போனால் நான் யாரு ஒனக்கு என்று கேட்டாளே, அதை மெய்யாக்கியே தீருவது என்று இருக்கிறாளோ என்று எனக்கு உள்ளூரப் பயம் வந்துவிட்டது.

கோடை விடுமுறை விட்டதும் நானே கிளம்பிப் போனேன். கத்திரி வெயில். மீன்சுருட்டியில் இறங்கி நடந்தபோது ரோடு கொதித்தது. அம்மா களத்தில் முந்திரிக்கொட்டையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "வா. கொடை எடுத்துட்டு வரக் கூடாதா?" என்றாள். என் முகத்தைத்தான் பார்த்தாள். கழுத்துக்குக் கீழே பார்வையை இறக்கவில்லை. சோறு போட்டாள். முருங்கைக்கீரைப் பொரியல், மோர்க்குழம்பு. நான் கேட்காமலே சோற்றைக் குறைத்துக் கீரையை அதிகம் வைத்தாள். தோப்பில் இந்த வருஷம் காய்ப்பு எப்படி என்று பேசினோம். பேச்சு தீர்ந்துபோயிற்று. எனக்கு உடனே திரும்பிவிடலாம் போல இருந்தது, ஆனால் இனி மூன்று மணிக்குத்தான் பஸ். அந்த வெயிலில் வெளியே போகவும் முடியாது. சிமெண்ட் தரையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, கொசுவத்தைத் தளர்த்திக்கொண்டு படுத்தேன். கண் அசந்துவிட்டது.

எவ்வளவு நேரமோ தெரியாது. பக்கத்தில் அம்மா வந்து உட்காரும் சத்தம் கேட்டது, முட்டி சொடக்கும் சத்தம். விளக்கெண்ணெய் வாசம் வந்தது. சேலை விலகியது. வெயில் காலத்தில் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தால் சூடு இறங்கும் என்பது அவள் வைத்தியம். நான் கண்ணைத் திறக்கவில்லை. அவள் அதுவரை அந்த வயிற்றைப் பார்த்ததில்லை. மூச்சைக்கூட விடவில்லை நான்.

அவள் விரல் பட்டது எனக்குத் தெரியவே இல்லை. நடுவயிறு மரத்துப் போயிருந்தது, உணர்ச்சி திரும்ப ஒரு வருஷம்கூட ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எண்ணெய் வழிந்து இடுப்பு ஓரத்துக்கு வந்தபோதுதான் குளிர்ச்சியாகத் தெரிந்தது. அம்மா அதை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் வழிந்தது.

"நிக்க மாட்டேங்குது" என்றாள். தனக்குத்தானே சொன்ன மாதிரி இருந்தது.

"நிக்காட்டி என்ன. தேச்சு வுடும்மா" என்றேன்.

நான் விழித்திருப்பது தெரிந்து அவள் திடுக்கிடவில்லை. உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவள் மூச்சு ஏறி இறங்கும் சத்தத்தை வைத்துத்தான் தேய்க்கிறாள் என்று அறிந்தேன்.

"கைய வச்சிருக்கிறது தெரியுதா?"

"தெரியுது" என்றேன்.

"பொய் சொல்லாத. பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அம்மா தேய்த்துக்கொண்டே இருந்தாள்.